வெள்ளவத்தையில் சிகிச்சை நிலையத்துக்கு இடம் கேட்கிறார்கள்: காட்டிய பத்திரங்களில் எது அரச பதிவு?

ஹம்டன்லேன்:

வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் குடும்பக் கட்டடத்தின் கீழ்மாடியை ‘இயற்கை மருத்துவ நிலையம்’ நடத்த மூன்று பேர் சேர்ந்து வாடகைக்குக் கேட்கிறார்கள். ஒருவர் சித்த வைத்தியர், முறிவு நெரிவும் மூட்டுவலியும் பார்ப்பவர். மற்றவர் அக்குபங்சர் செய்பவர். மூன்றாமவர் ஹிஜாமாவும் (தோலில் கப் வைத்து உறிஞ்சும் சிகிச்சை) எண்ணெய் மசாஜும் செய்பவர்.

ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் தகுதியைக் காட்டச் சொன்னேன். ஒரு கோவை நிறையப் போட்டோ கொப்பி தந்திருக்கிறார்கள். முதலாமவருடையது ஆயுர்வேத மருத்துவச் சபையின் பதிவுச் சான்றிதழ். அதில் ‘விசேட பதிவு, முறிவு நெரிவு’ என்று இருக்கிறது. ஆனால் அவர்கள் அடிக்கப்போகும் பலகையின் மாதிரியில் ‘சித்த வைத்திய கலாநிதி’, ‘நீரிழிவு, ஆஸ்துமா, குழந்தையின்மை’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. அக்குபங்சர்காரர் ‘எம்.டி. (அக்கு)’ என்றொரு பட்டமும், உலகச் சங்கம் ஒன்றின் அங்கத்துவ அட்டையும் காட்டினார். மூன்றாமவரிடம் என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற்தகைமை, 4ஆம் மட்டம்) சான்றிதழ் இருக்கிறது. இவற்றுக்கு மேலே வியாபாரப் பெயர்ப் பதிவு. “நிலையமே அரசாங்கத்தில் பதிந்தது” என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கடைசிப் பத்திரத்தைக் காட்டித்தான்.

இவற்றில் உண்மையில் வைத்தியம் செய்ய அனுமதி தருவது எது? யாரிடம் உறுதிப்படுத்துவது? இடம் கொடுப்பவருக்கு என்ன பொறுப்பு? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவேடு:

வியாபாரப் பெயர்ப் பதிவை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். அந்தப் பெயரில் வியாபாரம் நடத்துபவர் இன்னார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் அதே பத்திரம்தான். கம்பனிப் பதிவாளரின் சான்றிதழும், மாநகர சபையின் வர்த்தக அனுமதிப்பத்திரமும் அப்படித்தான். அவை தேவையான பத்திரங்கள்தாம், ஆனால் உள்ளே ஊசி போடுகிறவர் யார் என்று அவற்றில் ஒன்றும் பார்ப்பதில்லை.

இலங்கையில் ஒருவர் வைத்தியர் என்று சட்டப்படி பதியப்படுவது மூன்று இடங்களில். மேலைத்தேய வைத்தியத்துக்கு இலங்கை மருத்துவச் சபை. அது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் வழியே வருகிறது. சுதேச வைத்தியத்துக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவச் சபை. ஹோமியோபதிக்குத் தனிச் சபை. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2016ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சித்தத்துக்கும் யுனானிக்கும் தனித்தனிச் சபை கிடையாது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஆயுர்வேதம்’ என்று சொல்லும்போதே சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆகவே ‘அகில இலங்கைச் சித்த வைத்திய’ அது இது என்று தலைப்புப் போட்ட கடதாசி வந்தால், அது வைத்தியர்களின் சங்கமாக இருக்கலாம். சங்க அங்கத்துவம் பதிவு ஆகாது.

இனி உங்கள் முதல் பத்திரம். அந்தக் கோவையில் சட்டப் பெறுமதி உள்ள வைத்தியப் பதிவு இது ஒன்றுதான், அதனால் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆயுர்வேத மருத்துவச் சபையில் பொதுப் பதிவு, விசேட பதிவு என்று இரண்டு வகை உண்டு. பட்டம், டிப்ளோமா முடித்தவர்களும் எல்லா நோய்க்கும் பார்க்கும் பாரம்பரிய வைத்தியர்களும் பொதுப் பதிவில் வருவார்கள். முறிவு நெரிவு, விஷகடி, கண், கட்டு புண், தீக்காயம், மனநோய் என்று ஒரு துறையை மட்டும் பரம்பரையாகச் செய்கிறவர்களுக்கு அந்தத் துறைக்கு மட்டும் விசேட பதிவு. முறிவு நெரிவுக்குப் பதிந்தவர் எலும்பு முறிவு, மூட்டு விலகல், சுளுக்கு பார்க்கலாம். பலகையில் நீரிழிவையும் குழந்தையின்மையையும் எழுத அந்தப் பதிவு இடம் தராது. அவர் அந்தத் துறையில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதுதான் நிலை.

‘சித்த வைத்திய கலாநிதி’ என்பதையும் கேளுங்கள். சித்தத்தில் பட்டம் என்றால் பி.எஸ்.எம்.எஸ். இங்கே அதைத் தருவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும். உயர்தர உயிரியல் பிரிவில் இசட் புள்ளியோடு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகத்தான் அனுமதி. அந்தப் பட்டம் உள்ளவர் விசேட பதிவோடு நிற்க வேண்டிய தேவையே இல்லை. பட்டம் இருக்கிறது என்று சொல்லி விசேட பதிவைக் காட்டினால், இரண்டில் ஒன்று பொருந்தவில்லை.

மற்ற இரண்டு பத்திரங்கள் பற்றி வேறு யாரும் எழுதாவிட்டால் எழுதுகிறேன்.

ஊசிமுனை:

அக்குபங்சருக்கு ஹோமியோபதி மாதிரித் தனிச் சட்டமோ தனிச் சபையோ இங்கே இல்லை. இந்த இடைவெளியில்தான் எல்லாக் குழப்பமும் வளர்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில், ஆசிய நாடுகளுக்கு உரியதும் அந்தந்த அரசுகள் அங்கீகரித்ததுமான வேறு வைத்திய முறைகளும் சேரும் என்று ஒரு வரி உண்டு. சிலர் அந்த வரியைக் காட்டி “சீன வைத்தியமும் உள்ளே வந்துவிட்டது, ஆகவே நாங்கள் அரச அங்கீகாரம் பெற்றவர்கள்” என்று சொல்வார்கள். இன்னும் சிலர், முன்பு களுபோவில அரச ஆஸ்பத்திரியில் அக்குபங்சர் பிரிவு இயங்கியதைச் சொல்வார்கள். வைத்திய முறை ஒன்று சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வருவது வேறு, அதைச் செய்கிற ஆளின் பெயர் பதிவேட்டில் இருப்பது வேறு. உங்கள் பெயர் எந்தச் சபையில், எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மருத்துவச் சபையில் பதிந்த டாக்டரோ ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதிந்த வைத்தியரோ மேலதிகமாக அக்குபங்சர் படித்திருந்தால் இலக்கத்தை உடனே சொல்வார். மருத்துவச் சபையின் பெயர்ப் பதிவை அதன் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

‘எம்.டி. (அக்கு)’, ‘எம்.டி. (ஏ.எம்.)’ (ஏ.எம். என்றால் மாற்று மருத்துவம்) என்பவை எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு வருகிற எம்.டி. கிடையாது. சில மாதத் தபால் படிப்புக்குக்கூட இந்த எழுத்துகளைப் போட்டுக் கொடுக்கிற இடங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. எம்.டி. (ஏ.எம்.) இந்தியாவிலேயே வைத்தியராகப் பதிவதற்கு உரிய பட்டம் இல்லை. ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயரைக் கண்டு நம்பிவிடவும் கூடாது. இலங்கையில் பட்டம் வழங்க வேண்டுமென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி அதிகாரம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமாக இருந்தால் அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கலாம். அங்கீகாரம் இருந்தாலும் அது படிப்புக்குரிய அங்கீகாரம், வைத்தியம் செய்ய அனுமதி வேறு.

என்.வி.கியூ. 4 உண்மையான அரச சான்றிதழாகவே இருக்கலாம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வருவது. சான்றிதழ் இலக்கத்தை வைத்து ஆணைக்குழுவிடம் சரிபார்க்கலாம். 1 தொடங்கி 4 வரை சான்றிதழ் மட்டம், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு இணை. ஆனால் அது ஒரு வேலையைச் செய்யத் திறமை இருக்கிறது என்று காட்டுவது. எண்ணெய் பூச, ஒத்தடம் கொடுக்க, வைத்தியர் சொன்னபடி சிகிச்சையில் உதவ அது பொருந்தும். நோய் என்ன என்று தீர்மானிக்கவும் தோலைக் கீறி இரத்தம் எடுக்கவும் அது போதாது.

ஹிஜாமாவுக்கு வருகிறேன். கப் வைத்து உறிஞ்சுவது மட்டும் என்றால் ஒரு கதை. கீறி இரத்தம் எடுப்பது, அதாவது ஈர ஹிஜாமா, யுனானி முறைக்குள் வருகிற சிகிச்சை. அதைப் படித்த பி.யூ.எம்.எஸ். பட்டதாரிகள் ராஜகிரியவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்து வெளியே வருகிறார்கள், கொழும்பிலேயே கிடைப்பார்கள். ஆகவே பதிந்த யுனானி வைத்தியர் ஒருவர் இல்லாமல் ஈர ஹிஜாமா செய்யக் கேட்பவரிடம் இடம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இடத்தைக் கொடுக்கும்போது இவற்றைப் பாருங்கள். சிகிச்சை அறைக்குள்ளேயே கை கழுவும் தொட்டி வேண்டும். கழிவறைத் தொட்டியைக் காட்டினால் ஏற்காதீர்கள். அக்குபங்சர் ஊசி தனித்தனி உறையில், கிருமி நீக்கிய திகதியும் காலாவதியும் அச்சிட்டு வர வேண்டும், ஒரு முறை பாவித்ததும் எறிய வேண்டும். ஹிஜாமா கப்பும் பிளேடும் அதே மாதிரி. பிளாஸ்டிக் கப்பைக் கழுவி, டெட்டோலில் ஊறவைத்து அடுத்தவருக்குப் பாவிப்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாளாவது உயிரோடு இருக்கும். ஊறவைப்பதால் அது போகும் என்று நம்ப முடியாது. ‘ஓட்டோகிளேவ் வைத்திருக்கிறோம்’ என்றால் 121 பாகையில் 15 நிமிடமாவது அழுத்தத்தோடு ஓட வேண்டும். அந்த வெப்பத்தில் பல சாதாரண பிளாஸ்டிக் கப்கள் வளைந்துவிடும். கப்பும் நேராக இருந்து, திரும்பத் திரும்பப் பாவிக்கவும் செய்கிறார்கள் என்றால் ஓட்டோகிளேவ் உண்மையில் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

ஊசி, பிளேடு போடுவதற்குத் துளைக்க முடியாத மஞ்சள் பெட்டி, சிவப்புக் கோடு போட்டது. முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அனுப்ப வேண்டும். இரத்தம் பட்ட பஞ்சு, கையுறைக்கு மஞ்சள் பை. இவற்றை மாநகர சபைக் குப்பை வண்டியில் போட முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் ஒழுங்குவிதிகளில் சுகாதாரக் கழிவு ‘அட்டவணைப்படுத்திய கழிவு’ என்று வருகிறது. அனுமதி உள்ள கழிவுச் சேகரிப்பாளரோடு அவர்கள் செய்த எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்கள் நிறையப் பேர்.

ஹம்டன்லேன்:

இருவருக்கும் மிக்க நன்றி. சித்த வைத்தியரிடம் மூலப் பத்திரத்தைக் கேட்டேன், கொண்டுவந்தார். அச்சு, முத்திரை எல்லாம் உண்மையானது மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் திகதி 1984. இவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பெயரின் கடைசிப் பகுதி இவருடையதே, முதலெழுத்து மட்டும் வித்தியாசம். கேட்டதற்கு “எங்கள் பரம்பரைப் பதிவு” என்றார். சபைக்குத் தொலைபேசியில் கேட்டால் எழுத்தில் கேளுங்கள் என்கிறார்கள். தமிழில் எழுதலாமா?

இன்னொன்று. அவர் ஒரு சூரணத்தை மூட்டுவலிக்கு மிகவும் பிரபலமானது என்று காட்டினார். வெள்ளைப் போத்தல், லேபல் இல்லை. ஒரே நாளில் வலி போகும் என்கிறார்.

பதிவேடு:

அது அவருடைய தகப்பனாரின் அல்லது பெரிய தகப்பனாரின் பதிவாகத்தான் இருக்கும். பரம்பரையாக வருவது வைத்திய அறிவு, ஏடு, கைப்பழக்கம். பதிவு இலக்கம் ஆளோடு போய்விடும், மகனுக்கு இறங்காது. இது அடிக்கடி நடப்பது. பல குடும்பங்களில் வேண்டுமென்று ஏமாற்றும் எண்ணமும் இருப்பதில்லை, அப்பா இருந்த கதிரையில் மகன் உட்கார்ந்து அப்படியே தொடர்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு ஏதும் நடந்தால் பதிவில்லாதவராகத்தான் சட்டம் அவரைப் பார்க்கும்.

அவருக்கு வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுங்கள். சொந்தப் பெயரில் பாரம்பரிய வைத்தியராகப் பதிய அவர் ஆயுர்வேத மருத்துவச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். யாரிடம், எவ்வளவு காலம் கற்றார் என்பதற்குப் பதிந்த வைத்தியரின் கடிதம் வேண்டும். குடும்பம் வைத்தியப் பரம்பரை என்பதற்குக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியே உறுதி வேண்டும். பிறகு சபை வைக்கும் பரீட்சைக்கு முகம் கொடுக்க வேண்டும். தகப்பனாரின் 1984ஆம் ஆண்டுச் சான்றிதழ் அங்கே பொன்னான ஆதாரம், அதைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே சுவரில் மாட்டுவதால்தான் பிரச்சினை.

தமிழில் எழுதலாம், தயங்க வேண்டாம். அரசியலமைப்பின்படி அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதிலைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெயரை மட்டும் சான்றிதழில் உள்ள எழுத்தில் அப்படியே எழுதுங்கள். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழுக்குத் திருப்பும்போது ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற பதில் வர வாய்ப்பு உண்டு. இலக்கம், திகதி, பெயர் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் தேடுபவருக்கு இலேசு.

கைதடிப் பட்டதாரி:

பதிவேடு ஐயா சொன்னதில் ஒரு விடயத்தைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டும். விசேட பதிவு உள்ள முறிவு நெரிவு வைத்தியரைப் பட்டதாரிக்குக் கீழே வைத்துப் பார்ப்பது சரியில்லை. மட்டை வைத்துக் கட்டுவதிலும், விலகிய தோள்மூட்டை இருத்துவதிலும் பட்டப்படிப்பின் ஐந்து வருடமும் அதற்குப் பிறகு வரும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் தராத கைப்பழக்கம் அந்தப் பரம்பரைகளில் இருக்கிறது. பலகையில் எல்லா நோயும் எழுதுவதுதான் தவறு என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

நல்ல முறிவு வைத்தியரை அடையாளம் காண ஒரு வழி: எதை அவர் தொடமாட்டார் என்று கேளுங்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது, இடுப்பு எலும்பு முறிவு, முறிவுக்குக் கீழே நாடி தெரியாதது, விரல் மரத்தது, பிள்ளைகளின் முழங்கை முறிவு, இவற்றை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரே இல்லாமல் கட்டமாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். கட்டின பிறகு நடக்கும் பெரிய ஆபத்து, கட்டு இறுகுவது. முதல் நாள் வீக்கம் ஏறும்போது கட்டு இளகாமல் நின்றால் உள்ளே தசைக்கு இரத்தம் போகாது. விரலைப் பிடித்து மெல்ல நீட்டும்போது தாங்க முடியாத வலி வருவதுதான் முதல் அறிகுறி. விரல் வெளிறுவதும் மரப்பதும் பிந்தித்தான் வரும். ஆறு மணித்தியாலம் தாண்டினால் தசை திரும்பி வராது, கை கோணிப்போய்விடும். ஆகவே கட்டினவர் இரவுக்குள் ஒருமுறையாவது விரலைப் பார்க்க வரச் சொல்ல வேண்டும், அல்லது கட்டைத் தளர்த்தும் விதத்தை வீட்டாருக்குக் காட்டி விட வேண்டும்.

அந்த வெள்ளைப் போத்தல்தான் எனக்கு அதிகம் கவலை. மூலிகைச் சூரணம் மூட்டுவாதத்துக்கு வேலை செய்ய நாள் எடுக்கும். ஒரே நாளில் வலி பறந்து, பசி கூடி, நித்திரையும் குழம்பினால், உள்ளே டெக்ஸாமெதசோன் மாதிரி ஸ்டெரொயிட் குளிசை அரைத்துக் கலந்திருக்க இடமுண்டு. டைக்லோபெனாக் கலப்பதும் நடக்கிறது. சில வாரம் சாப்பிட்டவருக்கு முகம் வட்டமாக ஊதும், சீனி ஏறும், பிரஷர் கூடும், சின்னத் தட்டுக்கும் தோல் கன்றும். இதில் முக்கியமானது: சந்தேகம் வந்ததும் அந்த மருந்தைச் சடுதியாக நிறுத்தக்கூடாது. வாரக்கணக்கில் ஸ்டெரொயிட் போனால் உடம்பு தன் சுரப்பைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பதிந்த வைத்தியர் தன் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்கலாம், அது எங்கள் வைத்தியத்தின் அடிப்படை. ஆனால் என்ன மருந்து, என்ன சரக்கு, எப்போது செய்தது என்று எழுதித் தர அவருக்குத் தெரிய வேண்டும். பாதரசம், கந்தகம், ஈயம் சேர்ந்த பற்பம், செந்தூரம் என்றால் கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் சிறுநீரக நோயாளிக்கும் கொடுப்பதில்லை என்று தானாகவே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் மருந்து என்றால் தயாரிப்பாளர் பெயர், தொகுதி இலக்கம், உற்பத்தி, காலாவதித் திகதி லேபலில் இருக்க வேண்டும். லேபல் இல்லாத போத்தலை வரிசையாக அடுக்கி வைத்து விற்பது வைத்தியம் ஆகாது, அது விற்பனை.

நொத்தாரிசு கொட்டாஞ்சேனை:

இடம் கொடுப்பவர் பக்கத்தை யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி வைத்து எழுதிய வெறும் கடதாசியை நம்பி முற்பணம் வாங்காதீர்கள். ஒப்பந்தத்தில் இடத்தின் பாவனையை ‘மருத்துவ நிலையம்’ என்று பொதுவாக எழுதவே கூடாது. இன்ன பதிவு இலக்கமுள்ள இன்னார், இன்ன முறைச் சிகிச்சை மட்டும் என்று எழுதுங்கள். பதிவு இல்லாத வேறு ஆள் உள்ளே சிகிச்சை செய்தால், அல்லது பதிவு நீக்கப்பட்டால், எழுத்து அறிவித்தல் கொடுத்து ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமையை வையுங்கள். பலகையின் வாசகத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். கழிவு ஒப்பந்தத்தின் பிரதி பின்னிணைப்பாக வரட்டும்.

ஆளின் பதிவு இருந்தாலும், இடத்துக்கு வேறு பதிவு தேவை. ஆயுர்வேத ஆஸ்பத்திரி, மருந்தகம், மருந்துக் களஞ்சியம் போன்றவை ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிய வேண்டியவை. மஹரகம நாவின்னவில் உள்ள ஆயுர்வேதத் திணைக்களத்தில், அல்லது மேல் மாகாணத் திணைக்களத்தில், உங்கள் இடம் எந்த வகையில் சேரும் என்று விண்ணப்பிப்பவர்களே கேட்டு எழுத்தில் வாங்கி வரட்டும். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள் என்றால், கடிதத்திலும் ஆளின் பெயரையும் இலக்கத்தையும் போட்டுக் கொடுங்கள், வெறுமனே ‘ஆட்சேபனை இல்லை’ என்று கொடுக்காதீர்கள்.

சபை பதில் தரத் தாமதித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தால் அமைந்த சபை என்பதால் அது பகிரங்க அதிகார சபைதான். தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியை எழுதுகிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இவரைப் பற்றிய விவரம் அனைத்தும் தருக’ என்றால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதையும் கேட்காதீர்கள். இப்படி எழுதுங்கள்:

“இன்ன இலக்கப் பதிவு தங்கள் பதிவேட்டில் உள்ளதா? உள்ளதாயின் பதியப்பட்டவரின் பெயர், பதிந்த திகதி, பொதுப் பதிவா விசேட பதிவா, விசேட பதிவாயின் எத்துறை, இன்றைய திகதியில் அப்பதிவு நடைமுறையில் உள்ளதா என்பவற்றை அறியத் தரவும்.”

இந்த ஐந்தும் பொதுப் பதிவேட்டுக்குரியவை, மறுக்க இடமில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அந்த 14 வேலை நாளும் கடிதம் அவர்களுக்குக் கிடைத்த திகதியிலிருந்து எண்ணப்படும், அதைக் காட்ட பற்றுச்சீட்டு உதவும்.

ஹம்டன்லேன்:

கடிதம் நாளைக்குப் போகிறது. அக்குபங்சர்காரரிடம் பதிவு இலக்கம் கேட்டேன், அங்கத்துவ அட்டையையே திரும்பக் காட்டினார்; அவருக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஹிஜாமாக்காரர், பதிந்த யுனானி வைத்தியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். அவர் கொண்டுவருகிறவரின் இலக்கத்தையும் இதே கடிதத்தில் சேர்த்துக் கேட்கலாமா, இரண்டு கடிதமாகவா?

நொத்தாரிசு கொட்டாஞ்சேனை:

இரண்டாகவே அனுப்புங்கள். ஒரே கடிதத்தில் இரண்டு ஆள் என்றால் ஒருவருக்குப் பதில் கிடைத்ததும் கோவையை மூடிவிடுவார்கள், மற்றவருக்கு மேன்முறையீடு செய்யும்போது எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது என்ற இழுபறி வரும். யுனானி வைத்தியர் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் இடத்தில் இருப்பார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். பெயரை மட்டும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்.